அறியாமை காத்த மீன்

கருவி பெருகப் பெருக மனிதன் உயர்கிறானா, தாழ்கிறானா என்னும் வினா நமது காலத்துக்கு மட்டும் உரியதன்று. கலப்பையின் முனையில் இரும்பு ஏறிய நாள் தொட்டு அது கேட்கப்பட்டு வருகிறது. ஆயினும் ஒவ்வொரு தலைமுறையும் தன் கையிலுள்ள கருவியைக் கொண்டே அவ்வினாவைப் புதிதாக எழுப்பி, புதிதாக விடை காண வேண்டியிருக்கிறது. அணுவாயுதத்தையும் கணினியையும் முன்னிறுத்தி இதனை ஆராய்ந்தோர் பலர். நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது மிகச் சிறியதொரு பொருள். அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளிலே பொழுதுபோக்காக மீன் பிடிப்போர், கயாக் என்னும் சிறு தோணியிற் பொருத்திக்கொள்ளும் மீன்காட்டியே அது.

இத்துணைச் சிறிய பொருளில் அறவியல் தேடுவானேன் என வாசகர் வினவுதல் கூடும். காரணம் உண்டு. அத்தோணியிற் செல்பவனுக்குப் பசியில்லை. மீனை விற்று இலாபம் பெறும் நோக்கமும் பெரும்பாலும் இல்லை. பிடித்த மீனைப் பலகையில் வைத்து அளந்து, படமெடுத்து, மீண்டும் நீரில் விட்டுவிடுவோர் அவர்களுட் பலர். பசியும் இலாபமும் விலகி நிற்கும் அவ்விடத்திலே கருவிக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு கலப்பின்றித் தெரிகிறது. அதனை முதலில் அங்கு ஆராய்ந்து, பின்னர் பசியும் இலாபமும் மோதும் பெருங்கடலுக்கு வருவோம்.

இன்று விளையாட்டுப் பொருளாகிவிட்ட கயாக், தான் பிறந்த இடத்தில் உயிர் காக்கும் பொருளாக இருந்தது. கிறீன்லாந்து, வட கனடா, அலாஸ்கா ஆகிய குளிர்ப் பிரதேசங்களில் வாழும் இனுயிட், அலூத் மக்கள், கடலில் மிதந்து வந்த மரத்தாலும் எலும்பாலும் சட்டம் அமைத்து, அதன்மேற் கடல்நாய்த் தோலைப் போர்த்தித் தைத்தனர். செல்வோனின் கைவிரிப்பும் இடுப்பளவுமே தோணிக்கு அளவுகோல். ஒருவனுக்குக் கட்டிய கயாக் மற்றொருவனுக்குச் சரிவரப் பொருந்தாது. மாரியிற் பகல் மிகக் குறுகும் அந்நாட்டில், கடல்நாயின் இறைச்சியும் கொழுப்பும் இன்றேல் உணவும் இல்லை, விளக்கும் இல்லை. நீரின் நிறத்தையும் பறவையின் போக்கையும் பனியின் வெடிப்பையும் படிக்கத் தெரிந்தவன் உயிர் பிழைத்தான். இன்றைய கயாக்கோ, பிளாஸ்ரிக்கை உருக்கி அச்சில் வார்த்து எடுக்கப்படுவது. அது யாருடைய உடலையும் அளந்து செய்யப்பட்டதன்று. பணம் கொடுத்தோர் எவருக்கும் உரியது. தோலும் மரமும் போனதோடு, நீரையும் பறவையையும் படிக்கும் அறிவும் போயிற்று. அவ்வறிவு இருந்த இடத்தை நிரப்ப வந்ததே மீன்காட்டி.

அதனைத் தோணியிற் பொருத்தும் முறையைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். கருவிக்கு உறுப்புக்கள் மூன்று. அமர்ந்திருப்பவனின் கண்முன்னே ஒரு திரை. நீருக்குள் ஒலியை அனுப்பி, திரும்பிவரும் ஒலியை வாங்கும் ஒலியுறுப்பு. இரண்டையும் இயக்கும் 12 வோல்ற்றுப் பற்றரி. பற்றரியை நீர் புகாத பெட்டியிலிட்டு, தோணி ஒரு பக்கம் சாயாதபடி நடுவே வைப்பர். மின்கம்பியில் ஓர் உருகி இருத்தல் அவசியம். உப்புநீர் பட்டுக் கம்பிகள் ஒன்றையொன்று தொட நேர்ந்தால் அது தான் அழிந்து ஏனையவற்றைக் காக்கும். தோணியின் மேற்புறத்தைத் துளைத்துக் கம்பியைச் செலுத்துமிடத்தில் இறப்பர் வளையமிட்டு இறுக்குவர். ஒலியுறுப்பை வைப்பதற்கு வழிகள் மூன்று. தோணியின் பக்கத்தில் ஒரு சட்டத்தை நீட்டி அதன் நுனியில் நீருக்குள் இறக்கலாம். நீர் வடியும் துளையின் வழியே பொருத்தலாம். அல்லது தோணியின் உள்ளே அடித்தளத்தோடு பசையிட்டுப் பதிக்கலாம். மூன்றாவது முறையில் உறுப்பு கல்லிலும் மணலிலும் உராய்வதில்லை. ஆயின், பசைக்குள்ளே காற்றுக் குமிழி சிக்கிவிடலாகாது. பிளாஸ்ரிக்கை ஊடுருவிச் செல்லும் ஒலி காற்றைக் கண்டதும் திரும்பிவிடும், கருவி குருடாகும்.

கருவியைக் குருடாக்கும் அதே காற்றுத்தான் மீனைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது. மனிதச் செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகளுக்கு மேல் உணர்வதில்லை. இக்கருவிகளுட் பல, செக்கனுக்கு 83,000 அல்லது 2,00,000 அதிர்வுகளைக் கொண்ட ஒலியைக் கையாளுகின்றன. நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் விரையும். 15 மீற்றர் ஆழத்திலுள்ள மண்ணைத் தொட்டுத் திரும்ப அதற்கு ஒரு செக்கனில் ஐம்பதில் ஒரு பங்கு போதும். மீனின் தசை ஒலியைப் பொறுத்தவரை நீரை ஒத்திருப்பதால், அதிலிருந்து திரும்பும் ஒலி மிகச் சிறிது. பெரும்பாலான மீன்களின் உடலில் மிதப்பைச் சரிசெய்வதற்கென ஒரு காற்றுப்பை உண்டு. ஒலியை வலுவாகத் திருப்பி அனுப்புவது அப்பையே. மீன் நீரில் நிலைகொள்ள இயற்கை அளித்த உறுப்பே அதன் இருப்பிடத்தை வேடனுக்கு உரைக்கிறது.

திரையில் தோன்றுவது நீருக்கடியின் படம் எனப் புதியவர் எண்ணுவர். உண்மையில் அது ஒரு நாட்குறிப்பை ஒத்தது. திரையின் வலது ஓரமே இக்கணம். இடப்புறமாக நகர்ந்து செல்வன யாவும் கடந்துபோன கணங்கள். தோணி நகராது நிற்க, அதன் கீழே சிறு மீன் ஒன்றும் நகராது நின்றால், திரையில் நீண்ட கோடு விழும். அறியாதவர் அதனைப் பெருமீன் என்பர். வில்லாக வளைந்து தெரியும் குறியோ, ஒலிக்கூம்பின் ஓரத்தில் நுழைந்த மீன் நடுவைக் கடந்து மறு ஓரத்தால் வெளியேறியதன் அடையாளம். 20 பாகைக் கூம்பு 10 மீற்றர் ஆழத்திற் காட்டுவது 3½ மீற்றர் குறுக்களவுள்ள வட்டத்தை மட்டுமே. 60 பாகையாயின் வட்டம் 11½ மீற்றராக விரியும். விரிந்த அளவுக்கு நுட்பம் குறையும். கருவி குறியைத் தருகிறது. அக்குறிக்குப் பொருள் காண்பது இன்றும் மனிதனின் வேலையாகவே இருக்கிறது.

இக்கருவி யாருடைய உழைப்பு? கடைக்காரர் நிறுவனத்தின் பெயரைச் சொல்வார். வரலாறு வேறு பெயர்களைச் சொல்கிறது. சில பளிங்குகளை அமுக்கினால் மின்னேற்றம் பிறக்கும் என்பதை 1880ஆம் ஆண்டிற் கண்டறிந்தவர்கள் ஜாக் கியூரி, பியர் கியூரி என்னும் சகோதரர்கள். பியர் கியூரியின் மாணவரான போல் லாஞ்சவென், முதலாம் உலகப் போரின்போது, ருசியப் பொறியியலாளர் சிலோவ்ஸ்கியின் யோசனையை அடியொற்றி, அப்பளிங்குகளால் நீருக்கடியில் ஒலியெழுப்பி, 1918இல் நீர்மூழ்கிக் கப்பலின் எதிரொலியைப் பெற்றார். பிற்காலத்தில் பாசிசத்தை எதிர்த்து நின்ற இவ்வறிஞரை 1940இல் நாஜிப் படையினர் சிறையிட்டனர். அவருடைய மருமகன் ஜாக் சொலமன் 1942இற் சுட்டுக் கொல்லப்பட்டார். மகள் எலன் அவுஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டு உயிர் தப்பினார். லாஞ்சவென் 1944இற் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ற் கட்சியிற் சேர்ந்து, 1946இல் மறைந்தார். 1948இல் அவரது உடல் பரிசில் உள்ள பந்தியோன் மண்டபத்துக்கு மாற்றப்பட்டது. அதே 1948இல், தோல்வியுற்றுப் பசியிற் கிடந்த யப்பானின் நாகசாகி மாவட்டத்திலே, புருனோ சகோதரர்கள் கடற்படைக் கருவிகளின் வழிவந்த நுட்பத்தை மீன்பிடிப் படகுக்கு ஏற்றதாக்கி, நடைமுறைக்கு உகந்த முதல் மீன்காட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் லௌறன்ஸ் குடும்பத்தார் அதனை ஒருவர் கையில் தூக்கிச் செல்லத்தக்க சிறு பெட்டியாக்கினர்.

போருக்குப் பிறந்தது, உணவுக்குப் பயன்பட்டு, விளையாட்டுக்கு வந்து சேர்ந்தது. இம்மூன்று நிலைகளிலும் பளிங்கின் இயல்பு மாறவில்லை; மாறியது அதனைக் கையாண்டோரின் நோக்கம். ஆதலின் கருவியை நல்லது என்றோ தீயது என்றோ கூறிவிடுதல் பொருந்தாது. ஆயின், கருவி நடுநிலையானது எனக் கூறி விலகிவிடுவதும் பொருந்தாது. அது ஏன் என்பதைப் பின்னர் காண்போம்.

மீன்காட்டியைக் கண்டிப்போர் முதலிற் கூறும் குற்றச்சாட்டு, அது மனிதத் திறமையைக் கொல்கிறது என்பது. இதில் உண்மை இல்லாமலில்லை. மலாயாவின் கிழக்குக் கரையிலுள்ள கிளந்தான், திரங்கானுப் பகுதிகளில் ‘ஜுரு செலாம்’ எனப்பட்ட மீன் நிபுணர்கள் இருந்தனர். படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டு தலையை நீருள் அமிழ்த்தி, மீன்கூட்டம் எழுப்பும் ஓசையைச் செவியால் அறிந்து, எவ்வினம், எவ்வளவு, எத்திசை எனக் கூறவல்லவர்கள் அவர்கள். 1939, 1940ஆம் ஆண்டுகளில் அக்கரையில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் றேமண்ட் பேர்த், அந்நிபுணரின் சொல்லுக்கே வலை இறங்கிற்று என்பதையும், பிடியிற் பெரிய பங்கு அவருக்குச் சேர்ந்தது என்பதையும் எழுதிவைத்துள்ளார். பல்லாண்டுப் பயிற்சியாற் பெற்ற அச்செவியின் இடத்தை இன்று ஒரு பெட்டி பிடித்துக்கொண்டது. அத்தகைய அறிவு மறைவது இழப்பே.

எனினும் இவ்விழப்பைக் குறித்துக் கண்ணீர் வடிப்போரில் ஈரக் காற்றில் இரவு முழுவதும் நின்று அறியாதோரே அதிகம். பழைய அறிவு சிலரிடம் மட்டும் இருந்தது. அச்சிலருக்கு அது அதிகாரமாகவும் இருந்தது. பழைய கட்டுப்பாடுகளும் அறிவின் மேல் மட்டும் எழுந்தவையல்ல. தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ நாவல் 1956இல் வெளிவந்தபோது உலகமே அறிந்துகொண்ட அந்நம்பிக்கையை எண்ணிப் பார்க்க. கடலுக்குச் சென்றவன் உயிருடன் மீள்வது கரையிலிருக்கும் மனைவியின் கற்பிலே தங்கியுள்ளதாம்! புயலுக்கும் சுழலுக்கும் பெண்ணைப் பொறுப்பாக்கிய அக்காலத்தைப் பொற்காலம் என்று போற்ற நாம் ஆயத்தமாயில்லை. அடிநிலத்தின் ஆழத்தையும் பாறையின் இருப்பையும் ஒரு திரை காட்டித் தோணியையும் உயிரையும் காக்குமாயின், அத்திரை வரவேற்கத்தக்கது.

அவ்வாறாயின் வினா எங்கேயுள்ளது? மீன்காட்டி வருவதற்கு முன் மீனுக்கு ஓர் அடைக்கலம் இருந்தது. ஆழமும் இருளும் அவ்வடைக்கலத்தின் சுவர்கள். மனிதனின் அறியாமை அதன் கதவு. நாம் நூறு மீனைப் பிடிக்காமல் விட்டதற்குக் காரணம் நமது கருணையன்று. அவை எங்கிருந்தன என்பது நமக்குத் தெரியாதிருந்தது. வேடர் பரம்பரைகள் தம்மை அடக்கமுடையோர் என்று எண்ணிக்கொண்டதில் ஒரு பகுதி, உண்மையில் இயலாமை. இயலாதவன் செய்யாதிருப்பதை அறம் என்று எவரும் போற்றுவதில்லை. செய்ய இயன்றும் செய்யாதிருப்பவனிடமே அறம் தொடங்குகிறது. மீன்காட்டி அறத்தை அழிக்கவில்லை. அதுகாறும் தேவைப்படாதிருந்த அறத்தைத் தேவையாக்கிற்று. கருவி நடுநிலையானது எனக் கூறி விலகிவிட முடியாது என நாம் மேலே கூறியதன் பொருள் இதுவே. ஒவ்வொரு புதிய கருவியும் ஒரு பழைய எல்லையை அழிக்கிறது. அழிந்த எல்லைக்குப் பதிலாக எந்த எல்லையை, யார் இடுவது என்ற பொறுப்பை அது நம் தலைமேல் ஏற்றிவிடுகிறது.

விளையாட்டு உலகமே இதனை உணரத் தொடங்கியுள்ளது. கீழ்நோக்கி மட்டும் ஒலியனுப்பிய கருவிகளை அடுத்து, தோணிக்கு முன்னேயுள்ள நீரில் மீன் நீந்துவதை அக்கணமே காட்டும் கருவிகள் வந்தன. 2018இல் கார்மின் நிறுவனம் விற்பனைக்கு விட்ட ‘லைவ்ஸ்கோப்’ அவற்றுட் பெயர்பெற்றது. தூண்டில் இரை இறங்குவதையும் மீன் அதனை நோக்கித் திரும்புவதையும் திரையிலே காணலாம். இதனோடு போட்டிகளிற் பெரும் பூசல் மூண்டது. அமெரிக்காவின் ‘நாஷனல் புரொபெஷனல் பிஷிங் லீக்’ 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் தன் போட்டிகளில் அத்தகைய கருவிகளைத் தடைசெய்தது. மற்றொரு போட்டித் தொடர், ஒரு நாளின் மூன்று பகுதிகளுள் ஒன்றில் மட்டும் அவற்றை அனுமதித்தது.

இவ்விதிகளை வரவேற்கலாம். ஆயின் அவற்றின் நோக்கத்தை உற்று நோக்குக. அவை பெரிதும் மீன்பிடிப்போனுக்கும் மீன்பிடிப்போனுக்கும் இடையேயுள்ள நேர்மையைப் பற்றியவை. போட்டி பார்க்கத்தக்கதாக இருக்கிறதா என்பதைப் பற்றியவை. மீனின் கட்சியிற் பேசுவோர் அம்மன்றத்திற் சிலரே. நீரில் மீண்டும் விடப்படும் மீனுக்கு என்ன கேடு என்பர். ஆழத்திலிருந்து விரைவாக மேலே இழுக்கப்படும் மீனின் காற்றுப்பை, நீரின் அமுக்கம் குறையக் குறைய ஊதிப் பெருக்கிறது, உள்ளுறுப்புக்களை நெருக்குகிறது, கண்கள் பிதுங்குகின்றன. மேலே விடப்பட்ட மீன் கீழே செல்லவியலாது மிதந்து மடிதலும் உண்டு. இக்காரணத்தால், மெக்சிக்கோ வளைகுடாவில் பாறை மீன் பிடிப்போர், மீனை மீண்டும் ஆழத்துக்கு இறக்கும் கருவியையோ காற்றை வெளியேற்றும் ஊசியையோ வைத்திருத்தல் வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 2022இல் நடைமுறைக்கு வந்தது. எந்தக் காற்றுப்பை மீனைத் திரையிற் காட்டிற்றோ அதே காற்றுப்பையே அதனைக் கொல்லவும் செய்கிறது. திரையைப் பார்ப்பவன் இதனை அறிந்திருக்க வேண்டும். ஓர் உயிரைக் காணும் ஆற்றலைப் பெற்றவன், அவ்வுயிருக்குத் தன்னால் நேர்வதைக் காணும் கடமையையும் உடன் பெறுகிறான்.

இதுகாறும் விளையாட்டைப் பற்றிப் பேசினோம். இதே ஒலி, இதே பளிங்கு, இலாபத்தின் கையிற் சேர்ந்தபோது நேர்ந்தது யாது? அதற்குச் சான்று கனடாவின் நியூபவுண்லாந்துக் கடல். அங்கு ‘கொட்’ மீனைப் பிடித்துக் கரையோரக் குடிகள் நூற்றாண்டுக் கணக்காக வாழ்ந்தனர். 1950களில், பிடித்த மீனைக் கப்பலிலேயே வெட்டி உறையவைக்கும் பெரும் இழுவைக் கப்பல்கள் வந்தன. எதிரொலிக் கருவியின் துணையால் அவை இரவிலும் பனியிலும் மீன்கூட்டத்தைத் தேடிச் சென்றன. 1968இல் வடபுலக் கொட் மீனின் பிடி ஏறத்தாழ 8 இலட்சம் தொன்னை எட்டியது. பின்னர் சரிந்தது. 1977இல் கனடா 200 மைல் எல்லையைப் பிரகடனஞ் செய்து அயல்நாட்டுக் கப்பல்களை வெளியேற்றிற்று. அவற்றின் இடத்தை உள்நாட்டுக் கம்பனிகளின் கப்பல்கள் நிரப்பின.

இங்கேதான் கருவியின் மிக ஆழமான ஏமாற்று வெளிப்பட்டது. 1980களில், சிறு படகுகளிற் சென்ற கரையோரத் தொழிலாளர், மீன் குறைகிறது, மீன் சிறுக்கிறது என்று முறையிட்டனர். அதிகாரிகளின் மதிப்பீட்டிலோ, பெரிய கப்பல்கள் குறித்த நேரத்திற் பிடித்த அளவு முக்கிய இடம் பெற்றிருந்தது. அவ்வளவு குறையவில்லை. ஏன்? மீன் குறையக் குறைய, எஞ்சியவை திரள்களாகக் கூடின. கருவி அத்திரள்களைத் தேடிக் கண்டுபிடித்தது. கடைசித் திரள் வரையில் வலை நிறைந்தே வந்தது. கண்ணற்ற வலையாயின் கடல் வெறுமையாவதை முன்னரே உணர்த்தியிருக்கும். கண்பெற்ற வலை அவ்வெறுமையை மறைத்துவிட்டது. 1992ஆம் ஆண்டு யூலை மாதம் கனடிய அரசாங்கம் அம்மீன்பிடியை நிறுத்தியது. ஏறத்தாழ 30,000 பேர் தொழிலிழந்தனர்; கிராமங்கள் காலியாயின. முப்பத்திரண்டு ஆண்டுகளின் பின்னர், 2024 யூனில், 18,000 தொன் என்ற சிறிய அளவோடு அத்தடை நீக்கப்பட்டது.

முதலாளித்துவத்தின் இலாப வேட்டையே இதற்குக் காரணம் எனக் கூறி எழுதுகோலை வைத்துவிடுதல் நமக்கு எளிது. அது உண்மையின் பெரும்பகுதியுமாகும். ஆயின் முழு உண்மையன்று. ஸ்பானிய, போர்த்துக்கேயக் கப்பல்களோடு சோவியத் யூனியனின் கப்பல்களும் கிழக்கு ஜெர்மனியின் கப்பல்களும் அக்கடலில் வலை இழுத்தன. அங்கு தனியுடைமை இலாபம் இல்லை. ஆண்டுத் திட்டத்தின் இலக்கு இருந்தது. தொன் கணக்கில் இலக்கு வைக்கும் திட்டத்துக்கும் டொலர் கணக்கில் இலக்கு வைக்கும் கம்பனிக்கும் இடையே மீன் வேறுபாடு கண்டிராது. உடைமை மாறினால் மட்டும் போதாது. கடலைப் பற்றிய நோக்கும் மாறவேண்டும் என்பதை முற்போக்காளராகிய நாம் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளல் வேண்டும். இயற்கையை வெற்றிகொள்ளல் என்ற முழக்கத்தின் கீழ், அவ்வியற்கையிலேயே வாழும் உழைப்பாளியின் எச்சரிக்கையும் சில வேளை நசுக்கப்பட்டுப் போனது.

பின் யார் எல்லையிடுவது? தனிமனிதனின் மனச்சாட்சியே போதும் என்பர் சிலர். விளையாட்டுத் தோணியில் அது ஓரளவு போதும். தொழிற் கடலில் அது போதாது. நான் விட்ட மீனை அடுத்தவன் பிடித்துவிடுவான் என்ற அச்சம் இருக்கும்வரை, நல்லவன் பட்டினி கிடப்பான், கடலும் காக்கப்படாது. கூட்டாக இடப்படும் எல்லையே எல்லை. துருக்கியின் அலன்யாக் கரையிலே தொழிலாளர் இதற்கொரு வழி கண்டனர். மீன்படும் இடங்களைப் பெயரிட்டுப் பட்டியலாக்கி, செப்ரெம்பர் மாதத்திற் சீட்டுக் குலுக்கி இடம் பிரித்தனர். ஒவ்வொருவரும் நாளுக்கு ஓரிடமாகக் கிழக்கே நகர்வர். சனவரிக்குப் பின் மேற்கே நகர்வர். நல்ல இடமும் வறிய இடமும் யாவர்க்கும் முறையே கிட்டின. இதனைப் பொதுச்சொத்து பற்றிய தமது 1990ஆம் ஆண்டு நூலில் எடுத்துக்காட்டிய எலினோர் ஒஸ்ட்றம், அதே நூலில் தோல்விக்கு உதாரணமாக நமது நாட்டின் தென்கரையிலுள்ள மாவெல்லக் கிராமத்தையும் காட்டினார். அங்கும் கரைவலைகளுக்கு முறைவைப்பு இருந்தது. ஆனால் வலைகளின் தொகை கடல் தாங்கும் அளவை மீறிப் பெருகிற்று. தொகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் இருந்தும், அரசியற் செல்வாக்கு அதனைச் செயற்படவிடவில்லை. இவ்விரு கரைகளிலும் வேறுபாடு கருவியில் இருக்கவில்லை. விதியை இட்டோர் யார், அதனைக் காத்தோர் யார் என்பதிலேயே இருந்தது.

நமது வடகடலிலும் எல்லை பற்றிய வரலாறு கசப்பானது. போர்க் காலத்தில் நேரக் கட்டுப்பாடு, தூரக் கட்டுப்பாடு, இயந்திர வலுக் கட்டுப்பாடு எனப் பலவும் கடற்றொழிலாளர் மேல் விழுந்தன. அதனால் மீன் தப்பியிருக்கலாம். எனினும் துப்பாக்கியால் இடப்பட்ட எல்லையை அறம் என்று எவரும் கூறார். போர் ஓய்ந்து தொழில் மீண்டபோது, பாக்கு நீரிணையில் இழுவைமடி எதிர்நின்றது. அடிநிலத்தை வாரிச் செல்லும் அம்முறையை 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் நமது கடலிலே தடைசெய்தது. தமிழகத்து இழுவைப் படகின் உரிமையாளருக்கும் அதிற் கூலிக்கும் பங்குக்கும் செல்லும் தொழிலாளிக்கும் இடையே வர்க்க வேறுபாடு உண்டு என்பதை மறவாமலே, அவ்விழுவைமடி நமது சிறுதொழிலாளியின் வலையையும் வாழ்வையும் கிழிக்கிறது என்பதையும் உரைக்க வேண்டியுள்ளது. திசைகாட்டியும் மீன்காட்டியும் இரு தரப்பாரும் பெறக்கூடியவை. எதனைக் கொண்டு, எவ்வளவு, எப்போது பிடிப்பது என்ற உடன்பாடே இன்னும் எட்டாதிருப்பது.

ஆதலின் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு நமது விடை இது. கருவி மனிதனைத் தானாக உயர்த்துவதுமில்லை, தாழ்த்துவதுமில்லை. அவன் முன்பு செய்ய வேண்டியிராத ஒரு தெரிவை அவன்முன் வைக்கிறது. அத்தெரிவு எல்லோருக்கும் ஒரே பாரமுடையதன்று. உண்டு களித்தபின் தோணியேறுபவன் திரையை அணைத்துவிட்டால் இழப்பது ஒரு மாலைப்பொழுதின் இன்பம். சோற்றுக்காகக் கடலேறுபவன் அதனை அணைத்தால் இழப்பது பிள்ளைகளின் உணவு. இருவரிடமும் ஒரே அடக்கத்தை எதிர்பார்ப்பது சமத்துவம் போலத் தோன்றும். உண்மையில் அது அநீதி. முதல்வனிடம் தன்னடக்கத்தைக் கேட்கலாம். இரண்டாமவனுக்கு அடக்கத்தோடு வாழவல்ல சூழலைச் சமுதாயம் அமைத்துக் கொடுத்த பின்னரே அதனைக் கேட்க உரிமை உண்டு. மீன்பெருக்கக் காலத்தில் வலை ஓய்ந்திருக்கும் நாட்களுக்கு நிவாரணமும், கடனால் அடிமைப்படாத கூட்டுறவும், விதியை ஆக்குமிடத்தில் ஒரு நாற்காலியும் அவனுக்கு வேண்டும்.

ஆசிரியராகவும் மாணவராகவும் உள்ள வாசகர்க்கு இதிற் பணி உண்டு. நமது வகுப்பறைகளில் எதிரொலி கற்பிக்கப்படுகிறது. தூரம், நேரம், வேகம் என்ற கணக்கை மாணவர் சரியாகவே செய்கின்றனர். அக்கணக்கோடு நில்லாது, அந்த ஒலியை முதலில் அனுப்பியோர் யார், இன்று அனுப்புவோர் யார், திரும்பிவரும் செய்தி யார் கையிற் சேர்கிறது, அச்செய்தியால் யார் வலை நிறைகிறது, யார் வலை வெறுமையாகிறது என்னும் வினாக்களையும் கேட்கப் பழக்குவோமாக. லாஞ்சவென் தம் இறுதிக் காலத்திற் பிரான்சின் கல்விச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியது தற்செயலன்று. ஆற்றலைக் கண்டுபிடித்தவன், அதனைக் கையாளும் மனிதனை உருவாக்குவதிலும் தனக்குப் பங்குண்டு என உணர்ந்தான்.

ஆழத்து மீனை இத்தனை காலம் நமது அறியாமை காத்தது. அக்காவல் நீங்கிவிட்டது, இனி அது மீளப்போவதில்லை, மீளவேண்டும் என்று நாம் விரும்பவும் இல்லை. அறியாமை விட்டுச் சென்ற காவற் பணியை நீதி ஏற்கவேண்டும். ஏற்காவிடின், கடலில் மீன் இருக்குமிடத்தை எல்லாம் துல்லியமாகக் காட்டும் திரைகள் நம்மிடம் இருக்கும். காட்டுவதற்கு மீன் இராது.